எங்கள் குப்பத்தில் வலி என்றால்

1

சென்ற வாரம் ஓர் அம்மாள் போன் செய்தார். தோட்டத்தில் ஆஷ் மரத்தின் அடிக்கட்டை இன்னும் அப்படியே இருக்கிறது, அதை எடுத்துத் தர வருவீர்களா, இல்லை வேறு யாரையாவது பார்க்கட்டுமா என்று கேட்டார். வேறு யாரையாவது என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். போன வருடம் இதே மாதம் அந்த மரத்தில்தான் என் மகள் கயலின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கீழே நின்று கயிற்றை இழுத்தவன் என் தம்பி முனுசாமி. நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். மர வேலை செய்கிறேன். கயிறு கட்டி ஏறி, பட்ட கிளையைக் கழிப்பது, புயலில் பிளந்த மரத்தைத் தாங்கிக் கட்டுவது, அடிமரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பொக்கையா என்று சொல்வது, தேறாத மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது. இந்தத் தொழிலுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் மர அறுவை மருத்துவர் என்று வரும். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்த முனுசாமியிடம் முதன்முதலில் இதைச் சொன்னபோது வெகுநேரம் சிரித்தான்.

"மரத்துக்கு டாக்டரா? இன்னாணா சொல்ற? ஊசி கீசி போடுவியா?" என்றான். பிறகு அவனே, "மரத்துக்குக்கூட டாக்டரு வெச்சிகினு கீறானுங்க. நம்ம ஏரிக்கு ஒரு கம்பவுண்டருகூட கெடியாது" என்றான்.

பேருக்குத்தான் டாக்டர். சில வருடங்களாக இந்த நாட்டு ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய். உச்சியில் இலை காயத் தொடங்கும். மூன்று நான்கு கோடைக்குள் மரம் முழுக்க ரஸ்க் மாதிரி ஆகிவிடும். எப்போது எந்தக் கிளை ஒடியும் என்று ஏறுகிறவனுக்கே தெரியாது. மருந்து கிடையாது. நான் செய்வது பெரும்பாலும் பிணம் எடுக்கிற வேலை.

2

என் மனைவி சுகந்தி நர்ஸ். தஞ்சாவூர்ப் பக்கம். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். முதலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். ஒருநாள் சாலையோரத்தில் ஒருவன் மரத்தில் தொங்கியபடி முடிச்சுப் போடுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். என் நைனா படகில் போடும் அதே முடிச்சு. அவனுக்கு அதற்கு ஒரு பெயர் இருந்தது, எங்களுக்குப் பெயர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். மறுவாரம் அவனிடமே வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு சொந்தமாக ஒரு வண்டி, ஒரு கிளை அரைக்கும் இயந்திரம்.

குப்பத்தில் மரம் என்றால் சவுக்கு. கம்பம் பருமன் வந்ததும் வெட்டிவிடுவோம். இங்கே ஒருவன் தன் சொந்தத் தோட்டத்து மரத்தில் ஒரு கிளையைக் கழிக்க நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறான். கிளையில் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை ரம்பத்தைத் தொடக்கூடாது. நான் பதினாறு விண்ணப்பம் போட்டாலும் சலிக்காமல் போடுவேன். மரத்தைக் குறித்து இவர்கள் காட்டும் பொறுமை எனக்குப் பிடிக்கும். மனிதர்களிடமும் அதே பொறுமையான குரலில்தான் பேசுவார்கள். அது எப்படி இருக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் இரண்டு தமிழ். வேலை முடிந்து வந்து "முட்டி நோவுது" என்று உட்கார்ந்தால் சுகந்தி சிரிப்பாள். "நோவுது என்ன நோவுது? மாட்டுக்கா வந்துருக்கு? வலிக்குதுன்னு சொல்லுங்க" என்பாள். இருபது வருடமாக நான் மாறவில்லை, அவளும் சிரிப்பதை விடவில்லை.

கயல் அம்மாவின் தமிழில் வளர்ந்தவள். வளர்ந்தாள் என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போன பிறகு அவளிடம் மிஞ்சியது ஒற்றைச் சொற்கள். பசி. தூக்கம். பயம். வலி. வாக்கியம் அமைக்க மாட்டாள், அந்த ஒரு சொல்லை எடுத்துக் காட்டுவாள், மீதியை அம்மா புரிந்துகொள்ள வேண்டும். பெயரையும் கே என்று வெட்டிக்கொண்டாள். கோயிலுக்கு வரமாட்டாள், ஊர்க் கல்யாணத்துக்கு வரமாட்டாள், என் சாப்பாட்டு வாசனை அறைக்குள் வந்தால் ஜன்னலைத் திறப்பாள். என்னோடு அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது மரம் ஒன்றுதான். கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு, போதும் என்று ஏறுவதற்குப் பயிற்சி எடுத்தாள். என்னைவிட நன்றாக ஏறினாள். உச்சியில் நின்றுகொண்டு கீழே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் சுகந்தியிடம் அவளுக்காகச் சண்டை போட்டேன்.

3

முனுசாமி வந்தது அதற்கு அடுத்த வருடம். ஏரியில் மீன் குறைந்துபோயிற்று, கடலில் போனால் டீசலுக்கே சரியாகிறது என்றான். வேலை அனுமதி வாங்கி நான்தான் வரவழைத்தேன். ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆனால் கயிறு அவன் கையில் பேசும். என்னோடு வேலை செய்யும்போது நாங்கள் இரண்டு பேரும் குப்பத்துத் தமிழில் கத்திக்கொள்வோம். கயல் வேறு குழு. அவளுக்குக் கீழே நிற்பவன் ஓர் ஆங்கிலேயப் பையன்.

அன்றைக்கு அந்தப் பையன் வராததால் நானும் முனுசாமியும் அவளோடு போனோம். முனுசாமி கயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன் என்றான். ஏறுமுன் கயல் அவனுக்கு மூன்று வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். இழுக்க புல், நிறுத்த ஸ்டாப், தளர்த்த ஸ்லாக். அவன் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளை போல மூன்றையும் ஒப்பித்தான். அவள் சிரித்தாள். சித்தப்பாவை அவளுக்குப் பிடிக்கும்.

கிளை ஒன்று பக்கத்துக் கண்ணாடிக் குடிலின் மேல் நீண்டிருந்தது. அதன் நுனியில் கயிறு கட்டி, அவள் மேலே அறுக்க அறுக்க, கீழே நிற்பவன் இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். அவள் புல் என்றாள். அவன் இழுத்தான். கயிறு ஒரு பழைய கிளை முளையில் சிக்கியது. ரம்பத்தை அணைத்துவிட்டு அதை எடுத்துவிடக் கையை நுழைத்தாள். ஆஷ் மரம் சொல்லிவிட்டா ஒடியும்? பாதி அறுத்திருந்த கிளை அந்த நேரம் பார்த்து ஒடிந்து தொங்கியது, கயிறு அவள் கையை மரத்தோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. கீழே கயிற்றைத் தளர விட்டிருந்தால் கை வெளியே வந்திருக்கும்.

ஸ்லாக் என்று கத்தியிருக்கலாம். அவன் உடனே விட்டிருப்பான். ஆனால் சித்தப்பா பதற்றத்தில் இங்கிலீஷை மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழில் கத்தினாள்.

"சித்தப்பா, வலி. வலி. வலி."

எங்கள் குப்பத்தில் வலி என்றால் இழு. துடுப்பு வலி, வலையை வலி, கயித்த வலி. உடம்பில் வருவதற்கு நோவு என்று பெயர். பிறந்தது முதல் அவன் காதில் விழுந்து, யோசிக்காமலே கை கால் கேட்கிற சொல் அது. அது மட்டுமில்லை. கரையில் கயிறு இழுக்கும்போது நாங்கள் கடலைப் பார்த்து நிற்கமாட்டோம். கயிற்றைத் தோளில் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, குதிகாலை மணலில் ஊன்றி நடப்போம். முனுசாமி அப்படித்தான் இழுத்தான். மரம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவளுடைய முகம் அவனுக்குத் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. அவள் கத்தக் கத்த இன்னும் குனிந்து இழுத்தான்.

நான் வாசல் பக்கம் அரைக்கும் இயந்திரத்தில் இருந்தேன், காதில் அடைப்பு. தோளில் கயிறோடு அவன் நடப்பது தெரிந்தது. நன்றாக இழுக்கிறான் என்று நினைத்தேன்.

4

விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். முனுசாமிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். மொழிபெயர்ப்பாளர் போனில் பேசினார். எந்த ஊர்க்காரரோ, சுத்தமான, நல்ல தமிழ். நான் பக்கத்து அறையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது.

"பொண்ணு மேலேருந்து என்ன சொன்னாங்க?"

"வலின்னு சொல்லுச்சு."

"வலின்னா? தெளிவா அந்த வார்த்தைதான் சொன்னாங்களா?"

"ஆமா சார். வலி வலின்னு கத்துச்சு."

"அதைக் கேட்டுட்டு நீங்க என்ன பண்ணீங்க?"

"வலிச்சேன்."

"வலிச்சேன்னா, இழுத்தீங்களா?"

"ஆமா சார். வலின்னுச்சு, அதான் வலிச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அறிக்கையிலும் அப்படியே ஏறியது. அதைத் தமிழில் திருப்பினால் இப்படி வரும்: அவளுக்கு வலிக்கிறது என்று சொன்னாள், அதனால் இழுத்தேன்.

ஒரே வாக்கியத்தில் ஒரே சொல்லை அந்த மனிதர் ஒரு தடவை தன் ஊர்ப்படியும் ஒரு தடவை எங்கள் ஊர்ப்படியும் எடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். இன்றைக்கும் கோபம் இருக்கிறது. நான் அதிகாரியிடம் போய் விளக்கினேன். கையைக் காட்டி, தோளைக் காட்டி, துடுப்புப் போட்டுக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார். "உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் நீங்கள் அவருடைய அண்ணன். மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் பெற்றவர். உங்கள் விளக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேர்க்கிறேன்" என்றார். மரம் வெட்ட மனுப் போட்டவனிடம் பேசும் அதே குரல். வழக்கு என்று எதுவும் போடவில்லை. வேலை இடத்தில் எல்லாரும் ஒரே மொழியில் கட்டளை சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அந்த வாக்கியம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கயல் அதை ஆஸ்பத்திரிப் படுக்கையில் படித்தாள். பின்னிணைப்பையும் படித்தாள். பிறகு இடது கையால் போனில் அந்தச் சொல்லைப் போட்டு அர்த்தம் தேடி, திரையை என் பக்கம் திருப்பினாள். வேதனை என்றுதான் இருந்தது.

"நீ உன் தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாய்" என்றாள். ஆங்கிலத்தில்தான். அன்றைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட வரவில்லை. பசி, தூக்கம்கூட இல்லை.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். என்னோடு இத்தனை வருடம் இருந்தவள், குப்பத்துக்கு இரண்டு தடவை வந்தவள். தெரிந்தும் சொன்னாள்: "வலின்னா வலிதான். உங்க ஊர்ல மட்டும் என்ன தனியாத் தமிழா?"

அவளை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றவளுக்கு யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. ஆனால் மகள் முன்னால் அந்த ஒரு வாக்கியம் அறிக்கையைவிடப் பெரிய சாட்சியாகிவிட்டது.

5

முனுசாமியை யாரும் போகச் சொல்லவில்லை. அவனே பெட்டி கட்டினான். புறப்படும் நாள் கயலின் அறைக்கு வெளியே நின்றான். கதவைத் தட்டவும் இல்லை. "அது கைல கீற கட்ட என்னால பாக்க முடிலணா. நா போறேன்" என்றான்.

ஊருக்குப் போனவன் கடலுக்குப் போகவில்லை. கயிறு கிடக்கும் பக்கமே போகிறதில்லையாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிக்க வேண்டாம் என்று முன்பு ஊரோடு சேர்ந்து சாலையில் உட்கார்ந்தவன், இப்போது அதே துறைமுகத்தின் ஏதோ ஒரு லாரி நிறுத்தத்தில் காவலாளி. நீலச் சட்டை, விசில். குப்பத்தில் சிலர் அவனோடு பேசுவதில்லை. சனிக்கிழமை தோறும் எனக்குப் போன் செய்வான். மழையா, வெயிலா, அண்ணி எப்படி என்று சுற்றிவந்து கடைசியில், "கயலுக்கு எப்டிக் கீது?" என்பான். தேவலை என்பேன். அவள் கேட்கிற தூரத்தில் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். ஒரு வருடமாக இப்படித்தான்.

அவள் இப்போது ஒரு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிறாள். ஏறுவதற்கு வாங்கிய காலணி வாசலில் இருக்கிறது. அதை எடுத்து வைக்கவும் விடுவதில்லை, பார்க்கவும் மாட்டாள். எல்லாரும் ஆறிவிடும் ஆறிவிடும் என்கிறார்கள். மரத்தை வைத்து எனக்குத் தெரிந்தது ஒன்று. கிளை போன இடத்தில் மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றி மூடிக்கொள்கிறது. எத்தனை வருடம் கழித்து வெட்டினாலும் உள்ளே அந்தக் கறுப்பு அப்படியே இருக்கும்.

6

அடிக்கட்டை எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும், நானும் வருகிறேன் என்றாள் கயல். வேண்டாம் என்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் கதவைத் திறந்து, கயலைப் பார்த்ததும் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். தோட்டத்து மூலையில் கட்டை இருந்தது. செத்த மரம் என்று நான் கையெழுத்துப் போட்டு இறக்கிய மரம், அடியிலிருந்து கொத்தாகத் துளிர்த்திருந்தது. கயல் குனிந்து ஒரு தளிரைத் திருப்பிப் பார்த்தாள். இலை விளிம்பில் பழுப்பு விழத் தொடங்கியிருந்தது. "இதுவும் பிழைக்காது" என்றாள் ஆங்கிலத்தில். பிழைக்காதுதான். கட்டை அரைக்கும் இயந்திரத்தைப் போட்டு மண் மட்டத்துக்குக் கீழே அரைத்து முடித்தேன். குழியை மூடி, தூளைக் கூட்டி அள்ளினேன். நான் முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

வண்டியில் ஏறி சாவியைத் திருப்பியதும் போன் அடித்தது. சனிக்கிழமை என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இந்த வண்டியில் போன் தானாக ஸ்பீக்கரில் பேசும். திரையில் தம்பியின் பெயர். துண்டிக்க நீட்டிய விரல் பழக்கதோஷத்தில் எடுக்கிற பொத்தானை அமுக்கிவிட்டது.

முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு முனுசாமி.

"ணா, காத்து ஏறிகினு கீதுணா. புயல் சின்னம்னு சொல்லிக்கினாங்க. போட்டுங்கள எல்லாம் மேல ஏத்திக்கினு கீறாங்க. இன்னிக்கி லீவு, நா சும்மா ஓரமா குந்திகினு கீறேன்."

அவன் குரலுக்குப் பின்னால் ஊரே இருந்தது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். ஃபைபர் படகில் கயிறு கட்டி மணலில் ஏற்றுகிறார்கள். ஒருவன் முதலில் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பிடிக்கிறார்கள். வண்டிக்குள் அது தெளிவாக வந்தது.

"வலி... வலி... ஏய், இந்தாண்ட வலி... வலி..."

கயல் இறங்கிப் போகக் கதவுப் பிடியில் வைத்திருந்த கையை எடுத்தாள். ஒரு கிழவியின் குரல் தனியாக வந்தது, "நல்லா வலிங்கடா, துன்னது எங்க போச்சு" என்று. யாரோ சிரித்தார்கள். மறுபடியும் எல்லாரும் சேர்ந்து, வலி, வலி. அவர்களில் யாருக்கும் எந்த வேதனையும் இல்லை. மணலில் படகு உராயும் சத்தம் ஒவ்வொரு தடவையும் அதைத் தொடர்ந்து கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன். ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது, இனி நான் சொல்ல ஒன்றுமில்லை.

"ணா, லைன்ல கீறியா? கயலுக்கு எப்டிணா கீது?"

அவள்தான் பேசினாள்.

"சித்தப்பா."

அவள் சொல்லைத் தேடினாள். அம்மா கொடுத்த சொல் வாய்வரை வந்ததும் அதை விழுங்கிக்கொண்டதும் எனக்குத் தெரிந்தது. பிறகு, இருபது வருடமாக எங்கள் வீட்டில் சிரிப்புக்கு ஆளான என் சொல்லை எடுத்தாள்.

"நோவுது சித்தப்பா. கை நோவுது."

"வுட்டுட்டேன் கண்ணு" என்றான் முனுசாமி. "கயித்த வுட்டுட்டேன்." போனை மடியில் வைத்துவிட்டான் போலிருக்கிறது, அவனுடைய சத்தம் நின்று கரையின் சத்தம் மட்டும் வந்தது.

போனை அணைக்கக் கை நீட்டினேன். கயல் தன் வலது கையை, மீந்த இரண்டு விரலோடு, என் கைமேல் வைத்து அமுக்கினாள். படகு மேலே ஏறி முடியும்வரை நாங்கள் வண்டியை எடுக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.